பதினெட்டாம் மாதத்துக்குப் பிறகு

முப்பது மாத்திரை கொண்ட வெள்ளை பிளாஸ்டிக் டப்பா அது. நடந்தால் குலுங்கும், பஸ் பள்ளத்தில் இறங்கினால் பக்கத்து சீட்டுக்குக் கேட்கும். பாம்பன் பக்கத்து மீனவக் குடியிருப்பில் எனக்குப் பழக்கமான ஓர் அக்கா, ராமநாதபுரத்தில் ஹெச்.ஐ.வி. மருந்து வாங்கியதும் முதல் வேலையாக டப்பாவுக்குள் பஞ்சை அடைப்பார். லேபிளை நகத்தால் சுரண்டிவிடுவார். வீட்டுக்கு வந்ததும் மாத்திரைகள் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு மாறி, அரிசிப் பானைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். ஈரம் உறிஞ்சுவதற்காக டப்பாவுக்குள் போட்டிருக்கும் சின்னப் பொட்டலத்தையும் மறக்காமல் கூடவே மாற்றுவார். உப்புக்காற்றில் பொரித்த அப்பளமே நிமிஷத்தில் நமத்துப்போகிற ஊர்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேருக்கும் ஹெச்.ஐ.வி. இல்லை. இளையவளுக்குப் பதினெட்டாம் மாதத்தில் எடுத்த கடைசி ரத்தப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்று வந்த அன்று, ஆலோசகர் எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். "அதுவரைக்கும் மாசம் தப்பாம போன் வரும். தேதிக்குப் போகலைன்னா வீட்டுக்கே ஆள் வரும்" என்றார் அக்கா. அப்புறம்? "அப்புறம் என்ன, மாத்திரை குடுப்பாங்க, எடை பாப்பாங்க. அவ்வளவுதான்." அதன் பிறகு அவருக்கு மாதவிலக்கு தாறுமாறாகி, வெள்ளைப்படுதலும் இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

ஹெச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களின் கருப்பை நலத்துக்கென்று நாம் கட்டி வைத்திருப்பது பெரும்பாலும் குழந்தைக்குத் தொற்று போகாமல் தடுக்கும் ஏற்பாடுதான். நல்ல ஏற்பாடு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அது கரு உண்டானதும் தொடங்கி, பிள்ளையின் கடைசிப் பரிசோதனையோடு முடிந்துபோகிறது. அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பெண்ணுக்கு உடம்பு இருக்கிறது என்பது எந்தப் பதிவேட்டிலும் தனிக் கட்டமாக இல்லை.

இது எப்படி இந்த வடிவத்துக்கு வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவரிடம் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்து, வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். அந்தக் கண்டுபிடிப்பு நாட்டை உலுக்கியது. கூடவே, இது 'அந்த மாதிரிப் பெண்களின்' நோய் என்ற எண்ணமும் ஊன்றிவிட்டது. 1994-ல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டபோது நாட்டிலேயே அதுதான் முதல் மாநிலச் சங்கம். திருமணத்தில் கணவன் வழியாகத் தொற்று வந்த பெண்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்பு வேண்டும் என்று நினைத்ததும் தமிழ்நாட்டில்தான்: 1998-ல் கௌசல்யா பெரியசாமி முன்னின்று பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்கைத் தொடங்கினார்.

2000-களின் தொடக்கத்தில் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குக் கிடைத்தது நெவிரபின் என்ற மருந்து. பிரசவ வலி எடுத்ததும் தாய்க்கு ஒரே ஒரு மாத்திரை, பிறந்ததும் பிள்ளைக்குச் சில சொட்டு. தொற்று போவதை அது ஓரளவு குறைத்தது. ஆனால் தாய்க்கு அதில் ஒன்றும் இல்லை. அந்த ஒற்றை மாத்திரை தாயின் உடம்பில் இருந்த வைரஸை அந்த மருந்துக்கே பழக்கிவிடும் என்பதும், பிற்பாடு அவருக்குச் சிகிச்சை தேவைப்படும்போது அதே மருந்து கைகொடுக்காமல் போகலாம் என்பதும் பின்னால் தெரியவந்தது. பிள்ளைக்காகத் தாயின் எதிர்கால மருந்தைச் செலவழித்தோம் என்றே சொல்லலாம். இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை, அதாவது ஏஆர்டி, ஏப்ரல் 2004-ல் வந்தது. தாம்பரம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. அப்போதும் சிடி4 என்ற எதிர்ப்புச் சக்தி அணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்தவர்களுக்கு மட்டும்தான். கர்ப்பிணி என்றால் எண்ணிக்கை பார்க்காமல் ஆயுள் முழுக்க மருந்து என்ற முறை 2014-ல்தான் நடைமுறைக்கு வந்தது. தொற்று உள்ள எல்லோருக்கும் உடனே மருந்து என்றானது 2017-ல்.

இன்றைக்குக் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. டிஎல்டி என்பார்கள். மருந்தே இல்லாவிட்டால் கர்ப்பம், பிரசவம், பாலூட்டல் எல்லாம் சேர்த்து நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்று போகலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தாய் கருத்தரிக்கும் முன்பிருந்தே மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் சோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தால் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விடும். தாமதமாகத் தொடங்கினாலும் பலன் இருக்கிறது. டிசம்பர் 2018-ல் சாத்தூர் கர்ப்பிணி ஒருவருக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி யாருக்கும் மறந்திருக்காது. அடுத்த மாதமே பிறந்த அந்தக் குழந்தைக்குப் பிறகு செய்த சோதனையில் தொற்று இல்லை. தாய்க்கு வந்தது வந்ததுதான்.

சரி, கடற்கரைக்கு வருவோம். தொண்டிக்கு வடக்கே தொடங்கி தேவிப்பட்டினம், மண்டபம், ராமேஸ்வரம் தீவு, அப்புறம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று ஒரு பக்கம் பாக் நீரிணையும் மறுபக்கம் மன்னார் வளைகுடாவுமாக 200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரை இது. இங்கே ஒரு பெண்ணுக்குத் தொற்று இருப்பது எப்படித் தெரியவருகிறது? அநேகமாக முதல் கர்ப்பத்தில். பிக்மி எண் என்ற கர்ப்பிணிப் பதிவு எண் போட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்க்கும் அதே ரத்தத்தில் ஹெச்.ஐ.வி.யும் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் நம்பிக்கை மையம் என்ற அரசு ஹெச்.ஐ.வி. பரிசோதனை மையத்துக்கு அனுப்பி, வெவ்வேறு கிட்டுகளில் சோதித்து உறுதி செய்வார்கள்.

மருத்துவத்தின் கண்ணில் இது சரியான ஏற்பாடு. வீட்டுக்குள் அதன் விளைவு வேறு. குடும்பத்தில் முதலில் சோதிக்கப்படுகிறவள் அவள், ஆகவே முதலில் கெட்ட பெயர் வாங்குகிறவளும் அவளே. கணவன் மங்களூரிலோ கேரளத்திலோ படகு வேலைக்குப் போய் வந்தவனாக இருக்கலாம். அவன் ரத்தத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். "எங்க பிள்ளை நல்லாத்தானே இருக்கான், இவ வந்துதான்..." என்று மாமியார் தொடங்கிவிடுவார். கீழக்கரை, தொண்டிப் பக்கம் இன்னொரு கதை. வளைகுடா நாட்டு வேலைக்குப் போக மெடிக்கல் எடுக்க வேண்டும், அதில் ஹெச்.ஐ.வி. சோதனை கட்டாயம். 'அன்ஃபிட்' என்று வந்தால் காரணத்தை வீட்டில் யார் சொல்வார்? விசா கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு, ஊரிலேயே ஒரு கடை போட்டு உட்கார்ந்து, கல்யாணமும் முடிந்துவிடும். மனைவிக்குத் தெரிவது அவள் வயிற்றில் பிள்ளை வந்த பிறகு. கணவன்-மனைவி இருவரையும் ஒரே நாளில் சோதித்து ஒன்றாக உட்காரவைத்து முடிவைச் சொல்வது எவ்வளவு சின்னக் காரியம்! அதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிச் சண்டை குறையும். ஆனால் கர்ப்பிணிப் பரிசோதனை நாளில் ஆண்கள் வாசலில்கூட நிற்பதில்லை. பலர் கடலில், மீதிப் பேர் டீக்கடையில்.

ஏழாம் மாதம் வரும். வளைகாப்போ, வேறு பெயரில் வேறு சடங்கோ, முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதில் இந்தக் கரையில் சாதி மத வித்தியாசம் கிடையாது. அந்தத் தாய் வீடு தூத்துக்குடியிலோ புதுக்கோட்டைக் கடற்கரையிலோ இருக்கலாம். அப்போது மருந்து வாங்கும் மையம் மாறும், பார்க்கும் செவிலியர் மாறுவார், பிரசவம் பார்க்கும் மருத்துவமனை மாறும். 32-லிருந்து 36 வாரத்துக்குள் ஒரு முறை வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, பார்க்க வேண்டும் என்பது தேசிய வழிகாட்டுதல். குழந்தைக்கு எவ்வளவு மருந்து, எத்தனை வாரம் என்பதை அந்த முடிவை வைத்தே தீர்மானிக்கிறார்கள். கவனியுங்கள், சரியாக அந்த வாரங்களில்தான் பெண் ஊர் மாறியிருப்பாள். முறைப்படி மாற்றுச் சீட்டு வாங்கிக்கொண்டு போனால் எந்த மையத்திலும் மருந்து கிடைக்கும். ஆனால் தாய் வீட்டிலிருந்து அந்த ஊர் ஏஆர்டி மையத்துக்குப் போனால் தங்கச்சிக்குத் தெரியும், அண்ணன் மனைவிக்குத் தெரியும். ஆகவே நிறையப் பெண்கள் இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்து வாங்கிக்கொண்டு போய், பிரசவ அறையில் எதுவும் சொல்லாமல் இருந்துவிடப் பார்க்கிறார்கள். கர்ப்பிணி முதன்முதலாக மருந்துக்கு வரும்போதே "பிரசவத்துக்கு எங்கே போவீங்க?" என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்கிற செவிலியர்களும் இருக்கிறார்கள். படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கிறதோ இல்லையோ, இந்த ஊரில் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் அது தோன்றும்.

மாத்திரை நேரம் இன்னொரு சிக்கல். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்கு யாரும் சொல்வதில்லை. கர்ப்பிணிக்கு இரும்புச் சத்து மாத்திரை தினம் ஒன்று, கால்சியம் தினம் இரண்டு. டிஎல்டியில் உள்ள டோலுடெக்ராவிர், இரும்பும் கால்சியமும் வயிற்றில் இருந்தால் அவற்றோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சேராமல் போய்விடும். வெறும் வயிற்றில் மூன்றையும் சேர்த்து விழுங்கினால் ஏஆர்டி மாத்திரை பெருமளவு வீண். அந்த மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோ டிஎல்டி போட வேண்டும். இல்லை, எல்லாவற்றையும் சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் பிரச்சினை இல்லை. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடக்கூடாது என்பது தனிக் கணக்கு.

இதை அட்டவணையாகக் கொடுத்தால் சுவரில் ஒட்ட முடியாது, ஒட்டினால் வீடே படிக்கும். அந்த அக்காவுக்கு ஒரு செவிலியர் சொல்லிக்கொடுத்த முறை இது: காலை இட்லியோடு ஒரு கால்சியம், மத்தியானச் சோற்றுக்கு அப்புறம் இரும்பு, ராத்திரிச் சாப்பாட்டோடு இன்னொரு கால்சியமும் டிஎல்டியும். மூன்று வேளைச் சோறு, மூன்று வேளை மாத்திரை. வயிற்றுப் பிள்ளைக்காரி மாத்திரை போடுவதை யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள் என்பதால், அந்தப் பத்து மாதமும் ஹார்லிக்ஸ் பாட்டிலை ஒளிக்க வேண்டியிருக்கவில்லை என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பிரசவம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொற்று இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை, தனி வார்டும் தேவையில்லை. எல்லாப் பிரசவத்துக்கும் போடுகிற கையுறை, ஏப்ரான், கண்ணாடி போதும். இருந்தும், வலியோடு வந்தவரை "இங்க வசதி இல்லம்மா, மதுரைக்குப் போயிடுங்க" என்று அனுப்பிய காலம் ரொம்பப் பழையது அல்ல. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் வந்த பிறகு அந்தச் சாக்குக்கு இடம் குறைந்திருக்கிறது.

பிள்ளை பிறந்த வீட்டில் கிழவிகள் கூடுவார்கள். சர்க்கரைத் தண்ணியைத் தொட்டுச் சேனை வைப்பார்கள். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் இழைத்து உரை மருந்து. தெருவில் கழுதைப்பால்காரர் வந்தால் ஒரு சங்கு அதுவும். எல்லாம் பாசத்தில் செய்வதுதான். ஆனால் தொற்றுள்ள தாயின் பிள்ளைக்கு இதுதான் கவனிக்க வேண்டிய இடம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் பிள்ளையைவிட, தாய்ப்பாலோடு மற்றதையும் கலந்து கொடுக்கும் பிள்ளைக்குத் தொற்று போகும் வாய்ப்பு அதிகம். வெளிப்பொருள் பட்டுப் பிஞ்சுக் குடலின் உள்தோல் புண்படுவது ஒரு காரணம் என்கிறார்கள். தாய் மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டு, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு மசித்த சோற்றோடு ஒரு வருஷமாவது தாய்ப்பால் என்பதே இங்கே சொல்லப்படும் முறை.

"பால் குடுக்கலைன்னா ஊரே கேக்கும், தண்ணி மட்டும் குடுக்காதீங்கன்னா மாமியார் கேக்கும்" என்றார் அக்கா. அவர் கண்டுபிடித்த வழி: டாக்டர் சொன்னார், பிள்ளைக்கு மஞ்சள் காமாலை மாதிரி இருக்கு, ஆறு மாசத்துக்கு வேற எதுவும் ஆகாது. மாமியார் அதற்குமேல் வாய் திறக்கவில்லையாம். பொய்தான். ஆனால் இந்த நோயை வைத்துக்கொண்டு வாழும் பெண்கள் தினம் சொல்லவேண்டிய பொய்களில் இதைப் போல் உபயோகமானது குறைவு.

பிள்ளைக்குப் பிறந்ததும் நெவிரபின் சிரப். ஆறு வாரத்தில் குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தப் பொட்டு எடுத்து அனுப்புவார்கள். மற்ற கிருமிகள் தாக்காமல் காக்கும் கோட்ரைமோக்சசோல் மருந்தும் அப்போதே தொடங்கும். ஆறு மாதத்தில், பன்னிரண்டில் என்று திரும்பத் திரும்பப் பரிசோதனை. தாயின் எதிர்ப்புப் பொருள்கள் பிள்ளையின் ரத்தத்தில் ஒன்றரை வருஷம் வரை தங்கலாம் என்பதால், கடைசி முடிவுக்குப் பதினெட்டாம் மாதம் வரை காத்திருக்க வேண்டும். தாய்ப்பால் அதற்கு மேலும் நீண்டால், நிறுத்தி மூன்று மாதம் கழித்து. அந்த நாளில்தான் ஆலோசகர் வந்து கையைப் பிடித்தார்.

அதற்குப் பிறகு இருக்கிற மூன்று விஷயங்களை யார் பார்ப்பது?

முதலாவது, அடுத்த பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்பது. இதில் நம் ஆஸ்பத்திரிகளுக்குத் தெரிந்தது ஒரே பதில்: ஆபரேஷன். "உனக்கு இருக்கிற நோய்க்கு இன்னொண்ணு எதுக்கு?" என்ற கேள்விக்கு ஆளாகாத பாசிட்டிவ் பெண்ணை நான் பார்த்ததில்லை. இரண்டு பேரும் மருந்து ஒழுங்காக எடுத்து வைரல் லோடு அடங்கியிருந்தால், இயல்பாகவே கருத்தரிக்கலாம். ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்தாலும் அப்படித்தான். மருந்து எடுப்பவரிடமிருந்து துணைக்குத் தொற்று போவது அடியோடு குறைகிறது என்று 2011-ல் நிரூபித்த ஹெச்பிடிஎன் 052 என்ற பன்னாட்டு ஆய்வு சென்னையிலும் நடந்ததுதான். வைரஸ் அடங்கும் வரை ஆறு மாதம் பொறுங்கள், ஃபோலிக் அமிலம் இப்போதே தொடங்குங்கள் என்று சொல்ல ஆளிருந்தால் போதும். ஏஆர்டி மையத்தில் கேட்டால் மகப்பேறு பிரிவுக்குப் போகச் சொல்வார்கள். மகப்பேறு பிரிவு கரு உண்டானதும் வரச் சொல்லும்.

பிள்ளை வேண்டாம் என்றாலும் நிலைமை அதேதான். ஆணுறை அவசியம், ஆனால் அது கணவன் கையில் இருக்கிற பொருள்; பத்து நாள் கடலில் தங்கித் திரும்புகிறவனிடம் தினமும் வாதாட முடியாது. காப்பர்-டி போடலாம், அந்தரா என்ற கருத்தடை ஊசி போடலாம். டோலுடெக்ராவிர் கருத்தடை மருந்துகளின் வேலையைக் கெடுப்பதில்லை. ஆனால் எஃபாவிரென்ஸ் என்ற பழைய மருந்தில் இருப்பவருக்கும், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்கும் கருத்தடை மாத்திரை, கைக்குள் வைக்கும் இம்ப்ளாண்ட், அவசர மாத்திரை எல்லாம் வலுவிழக்கும். ஊசிக்கு அந்தப் பாதிப்பு இல்லை. காசநோய் மருந்து தருகிறவரும் கருத்தடை தருகிறவரும் வெவ்வேறு கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு சீட்டையும் சேர்த்துப் பார்க்க அந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரும் இல்லை.

இரண்டாவது, கருப்பை வாய்ப் புற்றுநோய். எனக்கு இதுதான் மிகவும் உறுத்துவது. ஹெச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. காரணம் எளிமையானது: ஹெச்பிவி என்ற வைரஸ் பெரும்பாலான பெண்களுக்கு ஒரு காலத்தில் வந்து, உடம்பே அதைத் துரத்திவிடும், எதிர்ப்புச் சக்தி தளர்ந்த உடம்பில் அது தங்கிவிடுகிறது. புற்றாக மாற வருஷங்கள் ஆகும் என்பதால் நடுவில் பிடித்துவிடலாம். அசிட்டிக் அமிலம் தடவி, வெண்படலம் தெரிகிறதா என்று கண்ணால் பார்க்கும் சோதனை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குப் பல வருஷமாக நடக்கிறது. ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலேயே தொடங்க வேண்டும், மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஹெச்பிவி சோதனை செய்ய வேண்டும் என்பது 2021-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. மாதிரியைப் பெண் தானே குச்சியில் எடுத்துக் கொடுக்கலாம் என்றும் அது ஏற்றுக்கொண்டிருக்கிறது.

படுக்கவைத்துக் காலை விரித்துப் பார்க்கிற சோதனை என்றாலே இங்கே பெண்கள் ஓடுவார்கள். அதற்கு மேல் 'எனக்கு இது இருக்கு' என்று புதிதாக ஒரு டாக்டரிடமும் சொல்ல வேண்டும். ஏஆர்டி மருந்து வாங்க வருகிற அதே நாளில், அதே கட்டடத்தில், ஒரு குச்சியைக் கையில் கொடுத்து, "அந்த ரூமுக்குள்ள போயிட்டு வாங்க" என்று சொன்னால் எத்தனை பேர் மறுப்பார்கள்? அந்த அக்காவுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஒரு முறைகூடச் சோதித்ததில்லை. இத்தனைக்கும் வருஷக்கணக்கில் மருந்துக்காக ராமநாதபுரம் போய் வருகிறவர். சோதனை நடக்கும் அறை அவர் வரிசையில் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரம்.

மூன்றாவது விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவன் இறந்தால் வீட்டைவிட்டு வெளியேற்றப்படுவது. எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. சிகிச்சை மறுக்கக்கூடாது, சம்மதமின்றி நிலையை வெளியே சொல்லக்கூடாது, தொற்றுள்ள கர்ப்பிணிக்கு அவர் அறிந்து தரும் சம்மதம் இல்லாமல் கருக்கலைப்போ கருத்தடை ஆபரேஷனோ செய்யக்கூடாது, குடியிருக்கும் வீட்டிலிருந்து துரத்தக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. சட்டம் நன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. புகார் கொடுக்க அந்தப் பெண் தன் பெயரையும் நோயையும் சேர்த்து ஒரு தாளில் எழுத வேண்டும் என்கிற இடத்தில்தான் பேனா நின்றுவிடுகிறது. பெயரை மறைத்து வழக்கு நடத்தவும் அதே சட்டம் வழி வைத்திருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இவ்வளவுக்கும் மேல் கடலுக்கென்று ஒரு நாள்காட்டி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம்: ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. தம்பதியாக வரவழைத்துப் பேசுவதற்கு வருஷத்தில் இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் முகாம் தேதிகளை யாரும் கடலைப் பார்த்துப் போடுவதில்லை. மற்ற மாதங்களில் படகோடு கணவன் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுவிட்டால் அவன் மருந்தும் நிற்கும். கலெக்டர் ஆபீஸ், சங்கம், படகு முதலாளி என்று அலைகிற மனைவியின் மருந்துத் தேதியும் தவறும். அவன் விடுதலையாகி வரும்போது அவனுடைய வைரல் லோடு பழைய இடத்தில் இருக்காது. திரும்பி வந்ததற்கு வீட்டில் கொண்டாட்டம் நடக்கும். ஆணுறையைப் பற்றி அன்றைக்கு யார் பேசுவார்?

மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குக் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு நாள்காட்டி இன்னும் கறாரானது. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். மாதத்தில் அந்தப் பன்னிரண்டு நாள்தான் வேலை. விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி எடுத்தால் அன்றைக்குக் கூலி. அந்த நாளில் ராமநாதபுரத்தில் வரிசையில் நிற்பது என்றால் ஒரு நாள் கூலி போனது மட்டும் அல்ல, "ஏன் வரலை?" என்று படகில் இருக்கிற அத்தனை பேரும் கேட்பார்கள். மருந்து சீராக எடுப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கும் முறை இருக்கிறது. கேட்டால் கிடைக்கும். கேட்பதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும், கவுன்ட்டரில் இருப்பவருக்குப் பாசி என்றால் என்னவென்று தெரிந்திருக்கவும் வேண்டும்.

போன முறை நான் அக்காவோடு போயிருந்தேன். எடை பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். சீட்டில் அடுத்த தேதி எழுதியதும் அவர் கைப்பைக்குள்ளிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து விரித்தார். அமாவாசைக்கு மறுநாள். "சிஸ்டர், இது பாசிக்குப் போற நாள். நாலு நாள் தள்ளிப் போடுங்க" என்றார். எழுதியதை அடித்து மாற்றி எழுதிக்கொண்டே அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "வேற எதாவது தொந்தரவு இருக்காக்கா?" என்று கேட்டார்.

அக்கா என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்கினார். நான் எழுந்து வெளியே வந்து நின்றேன்.